காவல் நிலையக் காகிதங்களைக் கேட்டு வாங்குவது எப்படி? கோவை, திருப்பூர், ஈரோடு புறநகர்வாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தால் மாதம் ஒருவராவது ஒரு காகிதத்தோடு வந்துவிடுவார். பைக் திருட்டு, விபத்து, தோட்டத்தில் கேபிள் அறுத்தது, வாடகைக்கு வந்தவர் பற்றிய சந்தேகம் என்று காரணம் மாறும். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "ஸ்டேஷன்ல எந்தக் காகிதத்தைக் கேக்கோணும், எப்படிக் கேக்கோணும்?" திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் சட்டத்தில் இருக்கும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீடு எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறது என்பதே குழப்பமாக இருக்கிறது. மாநகராட்சிக்கு வரி கட்டுகிறோம், அப்படியானால் சிட்டி போலீஸ்தானே?

அப்படி முடிவு செய்ய முடியாது. மாநகராட்சி எல்லை வேறு, காவல்துறை எல்லை வேறு. 2011-இல் கோவை மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தபோது துடியலூர், வடவள்ளி எல்லாம் உள்ளே வந்தன. ஆனால் அந்த ஊர்களின் காவல் நிலையங்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மாவட்ட எஸ்.பி.யின் கீழேயே இருந்துவிட்டுத்தான் மாநகரக் காவலுக்கு மாறின. பெரியநாயக்கன்பாளையம், கோவில்பாளையம், சூலூர், கருமத்தம்பட்டி, அன்னூர் எல்லாம் எஸ்.பி.யின் கீழ். திருப்பூரிலும் இதே கதைதான். அனுப்பர்பாளையமும் நல்லூரும் மாநகரக் காவல், அவிநாசியும் பல்லடமும் மாவட்டக் காவல். ஈரோடு, நாமக்கல், கரூரில் கமிஷனர் அலுவலகமே கிடையாது, எல்லாம் எஸ்.பி.தான். கரூர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் கொங்கு என்று சொன்னாலும் காவல்துறைக் கணக்கில் கரூர் திருச்சியோடு சேர்ந்த மத்திய மண்டலம். கோவையில் இருக்கும் மேற்கு மண்டல ஐ.ஜி.க்கு மனு எழுதிப் பயனில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், மேல்முறையீடு, தகவல் உரிமை மனு, இணையத் தேடல் எல்லாவற்றிலும் முதலில் கேட்பது மாவட்டமா மாநகரமா என்பதைத்தான். தப்பாகத் தேர்வு செய்தால் உங்கள் வழக்கு இல்லவே இல்லை என்றுதான் திரையில் வரும்.

புகார் கொடுக்க மட்டும் எல்லை தடையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் தரலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். பிறகு அது உரிய ஸ்டேஷனுக்கு மாற்றப்படும். மாறியதும் அங்கே புது எண் விழும். அந்தப் புது எண்ணைக் கேட்டு வாங்குங்கள், பழைய எண்ணை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

புகார் கொடுத்ததும் ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதுதான் எஃப்.ஐ.ஆரா?

பெரும்பாலும் இல்லை. என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் மனு கொடுத்தவுடன் தருவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்தது, பதிவேட்டில் ஏறியது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வழக்குப் பதிவாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. எஃப்.ஐ.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை. அதில் குற்ற எண், சட்டப் பிரிவு, தேதி, நேரம் எல்லாம் இருக்கும், நகல் நீதிமன்றத்துக்கும் போகும். ஸ்டேஷனில் "கிரைம் நம்பர்" என்று சொல்வார்கள். 214/2025 என்பது போல, ஒரு எண்ணும் ஆண்டும் சேர்ந்து வரும்.

இன்சூரன்ஸ் கம்பெனி, வங்கி, நீதிமன்றம் எல்லாரும் கேட்பது கிரைம் நம்பரைத்தான். சி.எஸ்.ஆர். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஆறு மாதம் "கேஸ் நடக்குது" என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அவர் புகாரில் வழக்கே பதிவாகவில்லை. அந்த அண்ணாருக்கு அன்றைக்கே யாராவது "இது ரசீது மட்டும்தானுங்க" என்று சொல்லியிருந்தால் போதும்.

ஆகவே ரசீதை வாங்கியதும் ரைட்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இது சி.எஸ்.ஆருங்களா, எஃப்.ஐ.ஆருங்களா?" சி.எஸ்.ஆர். என்றால் விசாரணைக்கு என்றைக்கு வர வேண்டும், யார் விசாரிக்கிறார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். தகவல் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று 173-ஆம் பிரிவே சொல்கிறது. ஜெராக்ஸ் பேப்பர் வாங்கிவரச் சொன்னாலும் தேவையில்லை.

எஃப்.ஐ.ஆர். போடவே மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமானால், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். "விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்று அவர்கள் சொன்னால் அந்த 14 நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அதற்கும் மேல் இழுத்தால் புகாரை எழுத்தில் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். அங்கே முதலில் பார்ப்பது எஸ்.பி.க்கு அனுப்பினீர்களா என்பதைத்தான். அதனால் அந்தத் தபால் ரசீது சாதாரணத் துண்டுச் சீட்டு அல்ல.

ஸ்டேஷனுக்குப் போகாமல் இணையத்தில் எஃப்.ஐ.ஆரைப் பார்க்க முடியுமா?

முடியும். 2016 செப்டம்பரில் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதன்படி, எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும். இணைய வசதி சரியில்லாத இடத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு, எண் ஆகியவற்றைக் கொடுத்துத் தேடலாம். மாவட்டப் பட்டியலில் "கோயம்புத்தூர்" தனி, "கோயம்புத்தூர் மாநகரம்" தனி. மேலே எல்லையைப் பற்றி அவ்வளவு நீளமாகச் சொன்னது இதற்காகத்தான். சி.எஸ்.ஆர். நிலையையும் அதே தளத்தில் பார்க்கலாம்.

எல்லா எஃப்.ஐ.ஆரும் அங்கே இருக்காது. பாலியல் குற்றங்கள், போக்சோ வழக்குகள், தீவிரவாதம் தொடர்பானவை போன்றவற்றை ஏற்றக் கூடாது. ஆனால் "இது சென்சிட்டிவ்" என்று முடிவெடுக்கும் அதிகாரம் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறைந்தவருக்குக் கிடையாது. அதே தீர்ப்பு, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் எஃப்.ஐ.ஆர். நகல் பெறும் உரிமை உண்டு என்கிறது. உங்கள் பையன் பெயரில் வழக்கு என்று கேள்விப்பட்டால் யாரையும் கெஞ்ச வேண்டாம். எழுதிக் கேட்டால் ஸ்டேஷன் தர வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடலாம்.

ஏனுங்க, பக்கத்து வீதியில் ஒருவரைக் கூட்டிப்போனார்கள். எதற்கு என்று தெரிந்துகொள்ளலாமா?

கைது செய்யப்பட்டவரின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகிய விவரங்களை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 37-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கென ஒரு அதிகாரியும் இருக்க வேண்டும். ஆகவே கேட்பதில் தவறில்லை.

ஆனால் ஒன்றை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். எஃப்.ஐ.ஆர். என்பது குற்றச்சாட்டு, தீர்ப்பு அல்ல. அதைப் படம்பிடித்து வீதி வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வழக்கு பொய்யென்று முடிந்த பிறகும் அந்தப் படம் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு வரைக்கும் துரத்தும். எங்கள் லேஅவுட்டிலேயே அது நடந்தது.

வாடகைக்கு வருபவர், கம்பெனிக்கு வேலைக்கு வருபவர் மேல் வழக்கு இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

பெயரைப் போட்டால் ஒருவரின் வழக்கு வரலாறு முழுக்க வரும் என்கிற மாதிரி பொதுப் பட்டியல் நம்மிடம் இல்லை. ரவுடிப் பட்டியல், ஹிஸ்டரி ஷீட் எல்லாம் ஸ்டேஷனின் உள் ஆவணங்கள். அதற்குப் பதில் காவல்துறை இணையதளத்திலேயே போலீஸ் வெரிஃபிகேஷன் சேவை உண்டு. கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் சரிபார்த்து அறிக்கை தருவார்கள். வேலைக்கு வருபவரே தனக்காக விண்ணப்பிக்கவும் தனி வசதி இருக்கிறது. ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து வருகிற தொழிலாளிக்கு மட்டும் கேட்டுவிட்டு உள்ளூர்க்காரரைக் கேட்காமல் விடும் பழக்கம் திருப்பூர்ப் பக்கம் உண்டு. அது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

தேர்தலில் நிற்பவர்கள் விஷயம் வேறு. அவர்கள் தங்கள் மேல் உள்ள வழக்குகளைப் படிவம் 26-இல் சத்தியப் பிரமாணமாகக் கொடுத்தே ஆக வேண்டும். அது யாரும் பார்க்கக்கூடிய ஆவணம்.

விபத்து. எந்தெந்தக் காகிதம் வேண்டும்?

என் பெரியப்பா மகன் அவிநாசி சாலையில் அடிபட்டபோது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு ஆபரேஷன், பிறகு பணம் புரட்டுவது என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது. வக்கீல் கேட்டபோது எங்கள் கையில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் இருந்தது. ஸ்டேஷனில் "இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன்.

முதல் காகிதம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதுதான் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். அடிபட்டவரைச் சேர்த்தவுடனே, எந்த இடத்தில், எந்த வண்டி மோதி, எத்தனை மணிக்கு என்று அதில் எழுதுவார்கள். கூட்டிவந்தவர் பதற்றத்தில் "கீழே விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டால் அதுவே பதிவாகிவிடும், பிறகு இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். தனியார் ஆஸ்பத்திரியானாலும் சரி, ஜி.எச். ஆனாலும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

ஸ்டேஷன் பக்கம் எஃப்.ஐ.ஆர்., சம்பவ இடத்தின் ரஃப் ஸ்கெட்ச், பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்று, உயிரிழப்பானால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, கடைசியாகக் குற்றப்பத்திரிகை. ஸ்டேஷனிலிருந்து கிடைப்பவற்றில் பலவற்றை இப்போது காவல்துறை இணையதளத்தின் விபத்து ஆவணப் பகுதியிலேயே கட்டணம் செலுத்தி இறக்கிக்கொள்ள முடிகிறது. நாங்கள் அலைந்த காலத்தில் அது எங்களுக்குத் தெரிந்திருந்தால் பாதி நடை மிச்சம்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியாயிற்றா என்று தேதியோடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதம் என்று சட்டத்தில் இருப்பதால் காகிதத்துக்காகக் காத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம். ஆறு மாதம் தாண்டிவிட்டது என்றாலும் வக்கீலைப் பார்க்காமல் கைவிடாதீர்கள்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லையா? அதற்கும் நிவாரணம் உண்டு. உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையில் உள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயும் கேட்பது எஃப்.ஐ.ஆர். நகல்தான்.

தோட்டத்தில் மோட்டார் கேபிளை அறுத்துப் போய்விட்டார்கள். சின்னத் திருட்டுக்கு எதற்கு எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள்.

ஆயிரம் அடி போர்வெல்லுக்கு இறக்கிய கேபிளின் விலை தெரிந்தவர் அதைச் சின்னத் திருட்டு என்று சொல்ல மாட்டார். எழுதிக் கொடுங்கள். உங்கள் ஒரு கேபிள் கிடைக்காமல் போகலாம். ஆனால் நான்கு தோட்டத்தில் அறுத்தது நான்கு பதிவாக இருந்தால்தான் அந்தப் பக்கம் ஒரு கும்பல் சுற்றுகிறது என்பது ஸ்டேஷன் கணக்கில் தெரியும், ராத்திரி ரோந்தும் வரும். தனியாகத் தோட்டத்து வீட்டில் இருக்கும் வயதான அப்பா அம்மாவை நினைத்தாவது பதிவு செய்யுங்கள்.

பைக், நகை திருட்டில் பொருள் கிடைக்கவில்லை என்று ஸ்டேஷன் முடிவு செய்தால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் வழக்கு முடிக்கப்பட்ட தகவலும் உங்களுக்கு வர வேண்டும். ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று அதைச் சொல்வார்கள். இன்சூரன்ஸுக்கு அது இல்லாமல் பணம் வராது. முடித்தது சரியில்லை என்று பட்டால் மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபணை மனுக் கொடுக்கலாம். நோட்டீஸில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். இதற்கிடையில், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் புதிய சட்டத்தில் இருக்கிறது. கேட்டால்தான் நடக்கும்.

ஆர்.சி. புத்தகம், மார்க் ஷீட் தொலைந்துவிட்டது.

இதற்கு ஸ்டேஷன் வாசலே மிதிக்க வேண்டாம். காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை என்ற பகுதியில் பதிந்து அப்போதே இறக்கிக்கொள்ளலாம். நிலப் பத்திரம் தொலைந்தால் மட்டும் வழி வேறு. ஸ்டேஷனில் புகார், நாளிதழ் விளம்பரம், பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் போலீஸிடம் எதையெல்லாம் கேட்கலாம்?

நிறையக் கேட்கலாம், ஆனால் கேட்கும் விதம் முக்கியம். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகம் அல்லது கமிஷனர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். பதிலுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம்.

சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதாதீர்கள். இந்தச் சட்டம் குடிமகனுக்குத் தந்த உரிமை. சங்கத் தலைவர் என்று போடாமல் உங்கள் பெயரில், உங்கள் வீட்டு முகவரியில் எழுதுங்கள். எங்கள் முதல் மனு இதனால்தான் திரும்பி வந்தது.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. ஏன் என்பது தகவல் அல்ல, ஆவணத்தைக் கேளுங்கள். உதாரணமாக: "இன்ன ஸ்டேஷன் எல்லையில் 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் பதிவான செயின் பறிப்பு வழக்குகளின் எண்ணிக்கையும், அவற்றில் குற்றப்பத்திரிகை தாக்கலானவற்றின் எண்ணிக்கையும், மாதவாரியாக." எங்கள் பக்கம் தெருவிளக்குக்கும் ரோந்துக்கும் நாங்கள் கொடுத்த மனுவுக்குப் பலம் தந்தது இப்படி வந்த ஒரு பக்கப் பதில்தான்.

"விசாரணையில் இருக்கிறது, தர முடியாது" என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி வரும் பதிலோடு நின்றுவிடாதீர்கள். தகவல் கொடுத்தால் விசாரணை எப்படித் தடைப்படும் என்று அவர்கள் காட்ட வேண்டும், விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது என்று 2007-இல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை எழுதி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மற்றவர்களின் சொந்த விவரங்கள், தகவல் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கும் விவரங்கள் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. லஞ்ச ஒழிப்புத் துறைக்கு 2008 முதல் மாநில அரசு இந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது.

குற்றப்பத்திரிகையை எங்கே வாங்குவது?

அதை இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஏற்ற வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கில் சம்பந்தப்பட்டவர்களுக்கு வழி இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும், வக்கீல் வைத்திருந்தால் பாதிக்கப்பட்டவருக்கும், குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான 14 நாளுக்குள் நீதிமன்றம் நகல் தர வேண்டும். மற்றபடி நகல் மனுத்தான். வழக்கு சூலூர் கோர்ட்டிலா, கோவை கோர்ட்டிலா என்று தெரியவில்லை என்றால் இ-கோர்ட்ஸ் தளத்தில் ஸ்டேஷன் பெயர், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு போட்டுத் தேடுங்கள். நீதிமன்றம், வாய்தா தேதி எல்லாம் வரும்.

வெளிநாடு போகிறேன், பி.சி.சி. (வழக்கு இல்லை என்ற போலீஸ் சான்று) கேட்கிறார்கள்.

அது ஸ்டேஷன் தருவதில்லை. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து சரிபார்ப்புக்கு மட்டும் அழைப்பார்கள்.

அம்மாவுக்கு 67 வயது. சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள்.

போக வேண்டியதில்லை. சாட்சியாக விசாரிக்க, பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் உடல்நலம் குன்றியவர்களையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 179-ஆம் பிரிவு சொல்கிறது. மரியாதையாக, "அம்மாவை வீட்டிலேயே வந்து விசாரிச்சுக்குங்க சார்" என்று சொல்லுங்கள். எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஸ்டேஷனில் எங்களை மரியாதையில்லாமல் நடத்தினார்கள். நிரூபிக்க வழி உண்டா?

எல்லா ஸ்டேஷனிலும் சி.சி.டி.வி. இருக்க வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நடந்த அன்றைக்கே தேதி, நேரம், வரவேற்பு மேசையா ரைட்டர் அறையா என்பதை எழுதி, அந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ மனு அனுப்பிவிடுங்கள். அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எத்தனை மணிக்குப் போனோம் என்பதே நமக்கு மறந்துபோகும்.